பொறுத்திருந்த கால்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் முழங்காலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாருக்கு ஊசி, யாருக்குத் தைலம், யார் மூட்டு மாற்றிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள் என்று ஒரே பஞ்சாயத்து. நான் வாயைத் திறக்க மாட்டேன். என் இடது காலைப் பற்றி நீங்களும் கேட்டதில்லை. கேட்டால் வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம். போகட்டும், இன்றைக்கு நானே சொல்கிறேன். சொல்வதற்கு ஒரு காரணம் போன மாதம்தான் கிடைத்தது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை. வீட்டில் என்னைவிட நாலு வயது மூத்த அக்கா, அப்புறம் நான். பிறக்கும்போதே எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முன்பக்கமாக வளைந்திருந்ததாம். நாலு வயதில் வாய்க்கால் படியில் சறுக்கி உட்கார்ந்தேன், அவ்வளவுதான், ஒடிந்துவிட்டது. ஊரில் கட்டுப் போடுகிறவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கெட்டிக்காரர்தான், ஊரில் எத்தனையோ கையும் காலும் அவரால் கூடியிருக்கின்றன. என் எலும்பு மட்டும் கூடவில்லை. ஒடிந்த இடத்தில் புதிதாக ஒரு மூட்டு மாதிரி கால் ஆடிக்கொண்டே இருந்தது. நாலு வருஷம் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தேன்.

எட்டு வயதில் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்பெலும்பிலிருந்து சீவி எடுத்து, ஒடிந்த இடத்தில் ஒட்டு வைத்து, உள்ளே ஒரு கம்பியும் செருகினார்கள். சேர்ந்துவிட்டது! மாவுக்கட்டைப் பிரித்ததும் ஒரு பூட்ஸ் கொடுத்தார்கள். முழங்கால் வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, குறுக்கே தோல் வார், கீழே கறுப்புத் தோல் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார் டாக்டர்.

இங்கேதான் முதல் கூத்து. எங்கள் தெருவில் அதுவரை யாரும் பூட்ஸ் போட்டதில்லை. பண்ணைத் தெரு வழியாக எங்கள் ஆட்கள் போனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன காலம் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பண்ணைக் கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, "பூட்ஸ் மாட்டிக்கிட்டு நடக்குற அளவுக்கு வந்தாச்சா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அன்று சாயங்காலமே விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார் என்று அம்மா சொல்வாள். கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், அது அவள் சுபாவம்.

பூட்ஸுக்கு அத்தனை மரியாதை. ஆனால் அது செருப்புதானே? செருப்போடு யாராவது வீட்டுக்குள் வருவார்களா? வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே வருவேன். சாமி படம் இருக்கிற வீடு, நெல் மூட்டை வைக்கிற இடம். எங்கள் யாருக்குமே அது தப்பு என்று தோன்றவில்லை. ஒரு நாள் அம்மா சாணி மெழுகிய தரை ஈரம் காயவில்லை. வாசற்படியைத் தாண்டி மூன்றாவது அடியில் வழுக்கி விழுந்தேன். கால் அதே இடத்தில் மறுபடியும் ஒடிந்தது. உள்ளே இருந்த கம்பியும் வளைந்துவிட்டது. பூட்ஸ் வாசலில் பத்திரமாக இருந்தது.

டாக்டர் அம்மாவைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "அது செருப்பு இல்லம்மா, அதுதான் அவ எலும்பு! எலும்பக் கழட்டி வாசல்ல வெப்பீங்களா?" அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு என் நல்ல காலிலிருந்தே எலும்பைப் பட்டையாக எடுத்தார்கள். மாதக்கணக்கில் வார்டில் கிடந்தேன். எனக்குப் பத்து வயது. மாவுக்கட்டைப் பிரித்துப் புது பூட்ஸ் மாட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்தார். தனியாக என்ன, என் கட்டிலிலிருந்து நாலு எட்டு தள்ளித்தான். எல்லாம் காதில் விழுந்தது.

"இன்னொரு தடவ ஒடிஞ்சா ஒட்டு வெச்சுப் பிரயோஜனம் இருக்கான்னு எனக்கே தெரியலப்பா. கால எடுக்குற மாதிரி ஆயிடும்."

டாக்டர் நடந்துகொண்டே, "பூட்ஸ் வீட்டுக்குள்ளயும் இருக்கணும். வெயிட் பேரிங் முக்கியம். கொஞ்சங்கொஞ்சமா வெயிட்டு. சீட்டுல எழுதியிருக்கேன். மாசி மாசம் வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஊருக்கு வந்ததும் அப்பா அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சங்கத்துப் படிப்பகத்துக்குப் போனார். என்னையும் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். பத்தாம் வகுப்பு இங்கிலீஷை மூன்று தடவை எழுதியவர் என்பதால் அனுபவமும் அதிகம். கலெக்டருக்கு மனு எழுதுவதிலிருந்து மருந்துப் பாட்டிலில் இருப்பதைப் படித்துச் சொல்வது வரை எல்லாம் அவர்தான்.

"டாக்டரு என்னமோ வெயிட்டு வெயிட்டுன்னாருப்பா. இதுல எழுதியிருக்காராம், பாரு" என்றார் அப்பா.

அண்ணன் சீட்டைக் கிட்டே வைத்தும் எட்ட வைத்தும் பார்த்தார். "எழுத்தா இது? கோழி கிண்டுன மாதிரி. வெயிட்... பேரிங். வெயிட்டுன்னா காத்திருக்கணும்."

"அந்த பேரிங்கு?"

"பேர்னா பொறுத்துக்கறது. காத்திருந்து பொறுத்துக்கணும். அவசரப்பட்டு நடக்க வெச்சிடாதீங்கன்னு சொல்லியிருக்காரு."

"கொஞ்சங்கொஞ்சமான்னாரே?"

"அதான். நாள் ஆகும், பொறுமையா இருங்கன்னு."

அப்பாவுக்கு முகம் தெளிந்தது. ஈரம் காயுமுன் நடக்க வைத்த அம்மாவின் அவசரத்தால்தான் போன தடவை ஒடிந்தது என்று அவருக்கு உள்ளூர ஒரு நினைப்பு. இப்போது டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். "மாசி வரைக்கும் இவ கால் தரையில படக்கூடாது" என்று வீட்டில் வந்து உத்தரவு போட்டார். அம்மாவுக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு தடவை திட்டு வாங்கியவள் அல்லவா?

பத்து வயதுப் பிள்ளையைத் தரையில் கால் படாமல் எப்படி வைத்துக்கொள்வது? சம்பா நடவு தொடங்கிவிட்டது. பொழுது விடிந்தால் அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போயாக வேண்டும். முதல் இரண்டு நாள் அக்கா பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் சுவரைப் பிடித்து எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். வரப்பிலிருந்து பார்த்த அம்மா நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அடிக்கவில்லை. பழைய சேலையை நீளமாகக் கிழித்து, ஒரு முனையைக் கூரையைத் தாங்குகிற நடுக்காலிலும் மறு முனையை என் காலிலும் கட்டினாள். நல்ல காலில். ஒடிந்த காலைத் தொடவே அவளுக்கு நடுக்கம்.

"அம்மா அவுத்து விடும்மா, நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று கத்தினேன்.

"கத்து. கால் இருந்தாத்தான் நாளைக்கு உன்ன ஒருத்தன் கட்டுவான்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அப்படி நாலு மாதம். நாலு மாதம் என்று சொல்ல ஒரு நொடி போதும். இருந்து பார்த்தால்தான் தெரியும். தண்ணீர்ப் பானை வரைக்கும் நகரலாம், அடுப்பு வரைக்கும் முடியாது. ஐப்பசி மழை கூரையில் ஒழுகும், நகர்ந்து உட்கார இடமிருக்காது. பூட்ஸைக் கழற்றவே கூடாதென்று உத்தரவு என்பதால் தூங்கும்போதும் அது காலில்தான். ஈரத்தில் தோலில் பூஞ்சை பூத்துவிடும். அக்கா புங்கெண்ணெய் தடவித் துடைப்பாள். அந்த நாற்றம்! இன்றைக்கும் ஒரு புதுக் கைப்பை வாங்கக் கடைக்குள் போனால் தோல் வாடை பட்டதும் எனக்கு மூச்சடைக்கிறது. வார் உரசி உரசி ஆடுசதை புண்ணாகிவிட்டது. நாள் போகப் போக வார் தளர்ந்தது. வார் நீண்டுவிட்டது என்று அக்கா புதிதாக ஓட்டை போட்டாள். வாரா நீண்டது? கால்தான் சூம்பிக்கொண்டே வந்தது. எங்களுக்கு யார் அதைச் சொல்வது?

கதவு தாழ்வு. உட்கார்ந்தபடி பார்த்தால் வெளியே போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். சேறு அப்பிய கால், வெடித்த குதிகால், மெட்டி போட்ட கால். கொஞ்ச நாளில் காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். எல்லாக் காலும் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒரு நாள் கையில் கிடைத்த அகப்பையை வாசலைப் பார்த்து வீசினேன், யார் மேலேயோ பட்டது. அம்மா வந்து மன்னிப்புக் கேட்டாள்.

அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள், என்னைப் பார்த்துக்கொள்ள. கட்டு எனக்கென்றால் காவல் அவளுக்கு. அப்போது அது புரிய எனக்கு வயதில்லை. அவளை நான் படுத்தாத பாடு இல்லை. "நீ பெரிய போலீசு" என்று திட்டுவேன். வெளியே போனால் மடியில் ஏதாவது கொண்டு வருவாள். நண்டுக் கொடுக்கு, நத்தை ஓடு, பால் பிடித்த கதிர். கதிரைக் கடித்துப் பாலை உறிஞ்சச் சொல்லி, "வயல்ல இருக்குற மாதிரி இருக்குல்ல?" என்பாள். இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

தை பிறந்தது, அறுப்பு வந்தது. டவுனில் கருப்பு சிவப்புக் கொடி பறந்தது, எங்கள் தெருவில் செங்கொடி. அறுப்புக் கூலியில் நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் அறுவாளைக் கீழே வைத்துவிட்டது. பண்ணையார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டு வந்து இறக்கினார். எங்கள் ஆட்கள் வயலை மறித்தார்கள். பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது.

ஒரு நாள் உச்சிப் பொழுது. அம்மா மற்ற பெண்களோடு வயல் மறியலில் இருந்தாள். தெருக்கோடியில் விசில் சத்தம், பிறகு கூச்சல். ஆண்களைப் பிடிக்கப் போலீஸ் தெருவுக்குள் புகுந்துவிட்டது. பானை உடைகிற சத்தம் வீடு வீடாகக் கிட்டே வந்தது. அக்கா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நடுக்காலில் கட்டுண்டு கிடக்கிறேன். பதினாலு வயதுப் பெண் என்ன செய்வாள்? பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. முன்பு மாதிரி இடுப்பில் அடங்குகிற உடம்பா? அதோடு இரும்பு வேறு.

"நடக்கிறியாடி?"

"ஒடிஞ்சிடுமேக்கா. எடுத்துடுவாங்களே."

"என் மேல சாஞ்சுக்க. நான் இருக்கேன்ல."

கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வரப்பில் இறங்கினோம். முதல் அடியில் உயிர் போய்விட்டது, வலியில் இல்லை, பயத்தில். இரண்டாவது அடி. மூன்றாவது. கால் ஒடியவில்லை! இரும்பு கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டது. இரண்டு பக்கமும் விளைந்த நெல். வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதர் வரைக்கும் போய் உள்ளே உட்கார்ந்தோம். அங்கேயிருந்து தெருவில் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்று அக்கா புதரை விலக்கித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உடம்பெல்லாம் ஒரே சந்தோஷம். நடந்துவிட்டேன், நடந்துவிட்டேன் என்று மனசு குதித்தது. வெயில் தாழ்ந்ததும் திரும்பியும் நடந்தே வந்தேன். அந்த ஒரு பகல்தான்.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினைந்து நாள் கழித்து ஜாமீனில் வந்தார். அதற்குள் கூட்டிக் கேட்ட நெல்லில் பாதியைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். அம்மா என்னை மறுபடியும் கட்டிவிட்டாள், இந்தத் தடவை இரண்டு முடிச்சு. மாசிக்கு இன்னும் சில நாள்தான் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா வந்த நாலாம் நாள் காலை. தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பினேன். விழவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்தில் உடம்பைத் திருப்பினேன், அவ்வளவுதான். முருங்கைக் கிளை முறிகிற மாதிரி பூட்ஸுக்குள் ஒரு சின்னச் சத்தம். அம்மாவுக்குக்கூட அது கேட்டுவிட்டது.

"அன்னைக்கு இவள நடக்க வெச்சியே, அப்பவே விட்டிருக்குடி!" என்று அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அக்கா தடுக்கவேயில்லை. அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார். "நாலு மாசம் நாங்க பொறுத்தோம், நீ ஒரு பொழுதுல கெடுத்துட்டியே" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை விளக்குமாற்றைவிடப் பலமாக விழுந்தது. நானும் அதை நம்பினேன். நானும்தானே நடந்தேன்?

தஞ்சாவூரில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "என்னப்பா எலும்பு இவ்வளவு மெலிஞ்சு போச்சு? வெயிட் பேரிங் பண்ணினீங்களா இல்லையா?"

"பண்ணினோங்கய்யா. நீங்க சொன்னபடி நாலு மாசமும் விடாம பண்ணினோம்."

"நாலு மாசமும்?"

"ஆமாங்கய்யா. ராப்பகலா."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "அப்படியும் இப்படின்னா எலும்பே சரியில்ல. இனிமே ஒட்டு வெச்சுப் பிள்ளைய வதைக்க வேணாம்" என்றார். அப்பா சங்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தைத் தாளில் போட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பொய்க்கால் வந்தது. மறுவருஷம் அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், படித்தேன், வேலைக்குப் போனேன், நினைத்த இடத்துக்கெல்லாம் நடந்தேன். காலுக்காக நான் அதிகம் அழவில்லை என்பதுதான் நிஜம். அழுததெல்லாம் மற்றவர்கள்.

அக்காவை வேதாரண்யம் பக்கம் உப்பளத்து வேலைக்காரருக்குக் கொடுத்தார்கள். பொங்கல் முடிந்த மறுவாரம் வருஷம் தவறாமல் என்னிடம் வருவாள். வந்ததும் பொய்க்காலைக் கழற்றச் சொல்லி, குறைக்காலில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். "என்னால போனது" என்பாள். நான் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வேன்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மேல் கோபம் இல்லை என்று மட்டும் சொல்வேன். அது எவ்வளவு கொடுமை என்று இப்போது தெரிகிறது.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். திருவாரூரில் என் எதிர்வீட்டு மருமகள் ஸ்கூட்டரில் விழுந்து அதே எலும்பு நொறுங்கி, காலைச் சுற்றி வளையம் வளையமாகக் கம்பி மாட்டி வந்திருக்கிறாள். பார்க்கப் போயிருந்தேன். பயிற்சி கொடுக்க வந்த பெண் அவளை எழுப்பி நிறுத்தினாள். மருமகள் பயத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். "வெயிட் பேரிங் மேடம், வெயிட் பேரிங்! உடம்பு வெயிட்ட நல்லா கால் மேல போடுங்க. வெயிட் விழுந்தாத்தான் எலும்பு ஊறும். சும்மா வெச்சிருந்தா கரைஞ்சு போயிடும்."

வெயிட். எடை! வாழ்நாள் முழுக்க ஆபீசில் இங்கிலீஷ் ஃபைல் பார்த்தவள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருப்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணைத் தனியாக நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டேன். "உங்களுக்கு இருந்தது பிறவிக் கோளாறு மாதிரி தெரியுது ஆன்ட்டி, நடந்திருந்தாலும் ஒடிஞ்சிருக்கலாம், சொல்ல முடியாது. ஆனா ஒரு பகல் நடந்ததால ஒடியல. நாலு மாசம் உட்கார வெச்சதுதான் தப்பு" என்றாள். அப்பா, அம்மா, படிப்பகத்து அண்ணன் யாரும் இப்போது இல்லை. அந்தச் சீட்டிருந்த தகரப் பெட்டியும் ஒரு புயலில் போயிற்று. யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் ஒரு சீட்டை வேதமாக எடுத்துக்கொண்டு அதை இம்மி பிசகாமல் செய்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், எல்லாம் கொட்டிவிட்டது. அவள் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"அப்ப நான் ஒடைக்கலையாடி?"

"இல்லக்கா. அந்த நாலு மாசத்துல டாக்டர் சொன்னதச் செஞ்சவ நீ ஒருத்திதான்."

அக்கா ஓவென்று கதறினாள். அறுபத்தெட்டு வயதுக்காரி, சின்னப் பெண் மாதிரி. பின்னால் அத்தான் பதறிப்போய், "யாரு, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"யாரும் சாவலைங்க" என்றாள் அக்கா. "யாரும் சாவல."